பழைய விண்டோஸில் புதிய பிரவுசர்: எதுவரை காக்கும்?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. ஆனால் அதே விண்டோஸ் 10-இல் ஓடும் தன் எட்ஜ் பிரவுசருக்குக் குறைந்தது 2028 அக்டோபர் வரை அப்டேட் தருவதாக அந்த நிறுவனமே அறிவித்திருக்கிறது. இதனால் இயங்குதளம் பழையதாகவும் பிரவுசர் புதியதாகவும் உள்ள கணினிகள் இனி வீட்டிலும் கடையிலும் அலுவலகத்திலும் ஏராளமாக இருக்கும். "பிரவுசர்தான் அப்டேட்டா இருக்கே, அப்புறம் என்ன பயம்?" என்று கேட்பவர்களுக்கு ஒற்றை வரியில் பதில் சொல்ல முடியாது. கிடைக்கும் பாதுகாப்பு உண்மையானது. அது முடியும் இடமும் தெளிவாகத் தெரிந்த ஒன்று.

முதலில், கிடைப்பது என்ன என்று பார்ப்போம். ஓர் இணையதளத்தோடு மறையாக்கம் செய்த இணைப்பு ஏற்பட, அந்தத் தளம் காட்டும் சான்றிதழைக் கணினி நம்ப வேண்டும். எந்தச் சான்றிதழ் நிறுவனங்களை நம்பலாம் என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு. பயர்பாக்ஸ் அந்தப் பட்டியலையும் மறையாக்க நிரல்களையும் ஆரம்பத்திலிருந்தே தன்னோடு எடுத்து வருகிறது. விண்டோஸ் எக்ஸ்பியில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு டிஎல்எஸ் 1.2 என்ற மறையாக்க நெறிமுறை தெரியாது. அதே எக்ஸ்பியில் பயர்பாக்ஸ் அந்த நெறிமுறையில் தடையின்றிப் பேசியது. இயங்குதளத்தின் பட்டியலையே நெடுங்காலம் சார்ந்திருந்த குரோமும் 2022-இல் விண்டோஸிலும் மேக்கிலும் சொந்தப் பட்டியலுக்கு மாறத் தொடங்கியது.

இதன் அருமை ஆண்ட்ராய்டு போன்களில் வெளிப்பட்டது. இலவசச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பு சார்ந்திருந்த பழைய மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30-இல் காலாவதியாக இருந்தது. அதன் புதிய மூலச் சான்றிதழை ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய போன்கள் அறியாது. அப்போது புழக்கத்தில் இருந்த ஆண்ட்ராய்டு கருவிகளில் மூன்றில் ஒரு பங்கு அத்தகையவை. நம்பிக்கைப் பட்டியலைக் கூடவே கொண்டுவரும் பயர்பாக்ஸை நிறுவிக்கொள்ளுங்கள் என்று 2020 நவம்பரில் அந்த அமைப்பு யோசனை சொன்னது. பிறகு வேறு ஏற்பாடு செய்து அந்த நெருக்கடியைத் தள்ளிப்போட்டது. பழைய ஐபோன் வைத்திருப்பவருக்கு இந்த வழியும் இல்லை. பெரும்பாலான நாடுகளில் ஐபோனின் எல்லா பிரவுசர்களும் ஆப்பிளின் வெப்கிட் எஞ்சினையே பயன்படுத்தியாக வேண்டும். அந்த எஞ்சின் ஐஓஎஸ்ஸோடுதான் வருகிறது. ஐஓஎஸ் நின்றுவிட்டால் எஞ்சினும் நின்றுவிடும்.

இனி எல்லையைப் பார்ப்போம். வலைப்பக்கம் என்பது முகம் தெரியாத ஒருவர் எழுதிய நிரல். அதை நம் கணினியில் ஓட விடுகிறோம். எனவே குரோம் 2008-இல் வெளிவந்தபோதே பக்கங்களைக் கையாளும் பகுதியைத் தனிச் செயலியாகப் பிரித்து, உரிமைகளைப் பறித்து, 'சாண்ட்பாக்ஸ்' எனும் அடைப்புக்குள் வைத்தது. அந்தச் செயலியால் நம் கோப்புகளைத் தொட முடியாது. ஆனால் விண்டோஸில் இந்தத் தடையை நிறைவேற்றுவது பிரவுசர் அல்ல, இயங்குதளத்தின் மையமான கர்னல். பிரவுசர் கேட்டுக்கொள்கிறது, கர்னல் காவல் நிற்கிறது. ஆகவே தாக்க வருபவருக்கு இரண்டு ஓட்டைகள் தேவை: பக்கத்துக்குள்ளிருந்து பிரவுசரின் கட்டுப்பாட்டைக் கைப்பற்ற ஒன்று, அடைப்பிலிருந்து வெளியேற, கர்னலில் இருப்பது போன்ற இன்னொன்று.

2019-இல் இது அப்படியே நடந்தது. குரோமில் கோப்புகளைப் படிக்கும் 'ஃபைல்ரீடர்' பகுதியில் இருந்த ஒரு பிழையைத் தாக்குபவர்கள் பயன்படுத்துவதை, பிப்ரவரி 27 அன்று கூகுளின் அச்சுறுத்தல் ஆய்வுக் குழு கண்டுபிடித்துத் தெரிவித்தது. விடுவித்துவிட்ட நினைவகத்தை நிரல் மீண்டும் பயன்படுத்தியதே அந்தப் பிழை. மார்ச் 1-ஆம் தேதியே குரோமுக்குத் திருத்தம் வந்துவிட்டது. ஆனால் அடைப்பை உடைக்க அவர்கள் கையாண்டது விண்டோஸ் கர்னலின் 'வின்32கே' பகுதியில், மெனுக்களைக் கையாளும் இடத்தில் இருந்த வேறொரு பிழை. அதற்கான திருத்தம் மார்ச் 12-இல்தான் வந்தது. 32 பிட் விண்டோஸ் 7 கணினிகளில் மட்டுமே இந்தத் தாக்குதலைக் கண்டதாகச் சொன்ன கூகுள், விண்டோஸ் 10-க்கு மாறுவதைப் பரிசீலிக்கும்படி பயனர்களைக் கேட்டுக்கொண்டது. வின்32கேயில் இருந்த அந்த வகைப் பிழையைப் பயன்படுத்த நினைவகத்தின் பூஜ்ய முகவரிப் பகுதி தேவை. விண்டோஸ் 8-லிருந்து அந்தப் பகுதியை யாரும் எடுத்துக்கொள்ள முடியாதபடி மைக்ரோசாஃப்ட் அடைத்துவிட்டது. 32 பிட் விண்டோஸ் 7-இல் அந்தத் தடை இல்லை. குரோமின் எந்தப் பதிப்பாலும் அதைக் கொண்டுவர முடியாது.

இரண்டு திருத்தங்களுக்கும் இடையே அன்று பதினொரு நாட்கள். ஆதரவு முடிந்த இயங்குதளத்தில் அந்த இடைவெளிக்கு முடிவே கிடையாது. அதைவிட எனக்குக் கவலை தருவது இன்னொன்று. வின்32கே 1996-இல் வந்த என்டி 4.0-லிருந்து கர்னலுக்குள் இருக்கிறது. அதன் நிரல்களில் பல, பதிப்புக்குப் பதிப்பு தொடர்ந்து வருபவை. புதிய விண்டோஸுக்குத் திருத்தம் வந்ததும், திருத்தத்துக்கு முந்தைய கோப்பையும் பிந்தைய கோப்பையும் ஒப்பிட்டால் ஓட்டை எங்கே இருந்தது என்பது தெரிந்துவிடும். அதே ஓட்டை பழைய விண்டோஸிலும் இருந்தால், அது அங்கே திறந்தே கிடக்கும். அடுத்தவர் கணினியைக் காக்க வந்த திருத்தமே நம் கணினியின் பலவீனத்தைக் காட்டிக் கொடுக்கிறது.

பிரவுசர் வழியாகவே வராத தாக்குதல்களும் உண்டு. 2017 மே 12-இல் கிளம்பி உலகையே உலுக்கிய வானாக்ரை என்ற தீநிரல், கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள விண்டோஸ் பயன்படுத்தும் எஸ்எம்பி சேவையின் பிழை வழியாகக் கணினிக்குக் கணினி தாவியது. ஆதரவு எப்போதோ முடிந்துபோன எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் அவசரத் திருத்தம் தர வேண்டி வந்தது. எந்தப் பிரவுசர் எவ்வளவு புதிதாக இருந்தாலும் அந்த வழியில் அதற்கு வேலையே இல்லை.

அப்படியென்றால் பழைய கணினியில் பிரவுசரைப் புதுப்பிப்பது வீணா? இல்லை. முதல் ஓட்டையை அடைத்தாலே இப்படிப்பட்ட சங்கிலி அறுந்துவிடும். முன்பின் தெரியாதவரின் நிரலை நாள் முழுவதும் ஓட்டுவது பிரவுசர்தான் என்பதால், அடைக்க வேண்டிய முதல் இடமும் அதுதான். ஆனால் இந்த உதவியும் என்றென்றைக்கும் நீடிக்காது. விண்டோஸ் 7-க்குக் குரோம் 109-தான் கடைசி; அது வந்தது 2023 ஜனவரியில். அந்த விண்டோஸுக்கான பயர்பாக்ஸின் கடைசி வரிசை 115. அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 செப்டம்பர் வரை மட்டுமே என்று முதலில் சொன்ன மொஸில்லா, பிறகு ஒன்றுக்கு மேற்பட்ட முறை கெடுவை நீட்டித்தது. பெரிய நிறுவனங்கள் கைவிட்ட பிறகும் தாங்கிப் பிடித்த தனிமனிதர்கள் உண்டு. பவர்பிசி சில்லு கொண்ட பழைய மேக்குகளை மொஸில்லா கைவிட்டபோது, கேமரன் கைசர் என்பவர் 'டென்ஃபோர்ஃபாக்ஸ்' என்ற பெயரில் பயர்பாக்ஸின் வழித்தோன்றல் ஒன்றை உருவாக்கி, 2021 வரை பராமரித்தார். அந்தச் சில்லுக்கெனத் தனி ஜாவாஸ்கிரிப்ட் கம்பைலரே எழுதினார். அந்த உழைப்பை வணங்குகிறேன். ஆனாலும் அதற்குக் கீழே இருந்த ஆப்பிளின் கர்னலை அவரால் திருத்த முடியாது.

கணினி நன்றாக ஓடுகிறது, விண்டோஸ் 11 மட்டும் ஏற்க மறுக்கிறது என்றால், அதைக் குப்பையில் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 64 பிட் கணினி என்றால் லினக்ஸ் நிறுவலாம். பிரவுசர், கர்னல் இரண்டுக்குமே திருத்தம் வரும். எக்ஸ்பிக்கு ஆதரவு முடிந்த 2014-இல் தமிழக அரசும் தன் துறைகளை பாஸ் லினக்ஸுக்கு மாறத்தான் சொன்னது. டாலி போன்ற மென்பொருளுக்காக விண்டோஸை விட முடியாத கடைக்காரர், அந்தக் கணினியை இணையத்திலிருந்து துண்டித்துக் கணக்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும், இன்னும் திருத்தங்கள் வந்துகொண்டிருக்கும் போன் ஒன்று போதும். துண்டிக்கவே முடியாது என்றால் பிரவுசரை அன்றன்று புதுப்பித்து, அட்மின் உரிமையில்லாத கணக்கில் வேலை செய்து, கணக்குக் கோப்புகளின் நகலைத் தனி வட்டில் எடுத்துக் கணினியிலிருந்து கழற்றி வைக்க வேண்டும்.