புதன்கிழமை மாத்திரை

'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்பது நம் வீட்டுப் பாட்டிமார்கள் ஓயாமல் சொல்லும் பழமொழி. ஒரு வேளைக்குரிய அளவு மிஞ்சாமலே, நாள் கணக்குத் தவறியதனால் மட்டும் அமிர்தம் நஞ்சாகிவிடக்கூடும் என்பதைச் சென்ற வருஷம் ஐப்பசி மாதத்தில்தான் நான் கண்கூடாக அறிந்தேன்.

என் வகுப்பில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் இருக்கிறான். ரத்தப் புற்றுநோய் கண்டு, நெடுநாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, உதிர்ந்த தலைமயிர் மீண்டும் முளைத்து, பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்தவன். ஒரு நாள் மத்தியானம் அவன் தயிர் சாதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, உண்ணாமல் உட்கார்ந்திருந்தான். காரணம் கேட்டேன். வாயைத் திறந்து காட்டினான். நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் ஒரே புண்.

"மருந்து சாப்பிடுகிறாயா, அப்பா?" என்றேன்.

"தினமும் சாப்பிடுகிறேன், ஸார். அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள். பாட்டிதான் கொடுக்கிறாள்" என்றான்.

அவனை அழைத்துக்கொண்டு அவன் வீட்டுக்குச் சென்றேன். பாட்டி ஒரு தகர டப்பாவை எடுத்து வந்தாள். அதில் இரண்டு விதமான மாத்திரைகள். இரண்டும் வெளிறிய மஞ்சள் நிறம். டாக்டரின் சீட்டு ஆங்கிலத்தில் இருந்தது. மெர்காப்டோப்யூரின் என்னும் மாத்திரை தினம் இரவு; மெதோட்ரெக்ஸேட் என்னும் மாத்திரை வாரத்துக்கு ஒரே நாள், புதன்கிழமை மட்டும். பாட்டியோ ஐந்து நாட்களாக இரண்டையும் தினந்தோறும் கொடுத்திருந்தாள்.

"குழந்தைக்கு ஒரு நாள்கூடத் தவற விடவில்லையே, வாத்தியாரையா!" என்று அந்த அம்மாள் பெருமையோடு சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அன்று மாலையே சிறுவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருந்தன. லூகோவோரின் என்னும் மாற்று மருந்தை ஊசி மூலம் செலுத்தினார்கள். பன்னிரண்டு நாள் கழித்துப் பிழைத்து வந்தான். இன்னும் இரண்டு நாள் கவனியாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாயிருக்கிறது.

மருந்து பிறந்த கதை

இந்த மருந்தின் வரலாற்றில் நம் தேசத்துக்கும் பங்கு உண்டு. பம்பாயில் கர்ப்பிணிகளுக்கு உண்டான சோகையை ஆராய்ந்த லூஸி வில்ஸ் என்னும் ஆங்கில மாது, ஈஸ்டுச் சத்திலுள்ள ஏதோ ஒரு பொருள் அந்நோயைத் தீர்க்கிறது என்று 1931-ல் வெளியிட்டார். அந்தப் பொருளே பிற்காலத்தில் போலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. உடலின் அணுக்கள் பெருகுவதற்கு அது இன்றியமையாதது.

அதனைச் செயற்கையாகத் தயாரித்த ஆராய்ச்சிக் குழுவுக்குத் தலைவராக அமெரிக்காவில் விளங்கியவர் எல்லாப்பிரகத ஸுப்பாராவ். பீமவரத்தில் 1895-ல் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். காந்தியடிகளின் சொல்லை ஏற்றுக் கதர் உடுத்தியதனால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, உயர்ந்த பட்டத்துக்குப் பதிலாகத் தாழ்ந்த பட்டமே பெற்றார். அவருடைய குழு போலிக் அமிலத்தைப் போலவே உருவம் கொண்டு, அதன் வேலையைத் தடுக்கும் பொருள்களையும் தயாரித்தது. அவற்றில் ஒன்றைப் பாஸ்டன் நகரத்து டாக்டர் ஸிட்னி பார்பர் ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்தார். பதினாறு குழந்தைகளில் பத்துப் பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்த செய்தி 1948 ஜூன் மாதம் வெளியாயிற்று. அதே வருஷம் ஆகஸ்டில் ஸுப்பாராவ் காலமானார். அந்த இனத்தைச் சேர்ந்த மெதோட்ரெக்ஸேட் இன்றும் உலகெங்கும் உயிர் காத்து வருகிறது.

வாரத்தில் ஒரு நாள் ஏன்?

இம்மருந்து ஒரு வேஷதாரி. போலிக் அமிலம் என்று நம்பி அணுக்கள் அதை ஏற்றுக்கொள்கின்றன. பிறகு பெருக முடியாமல் மடிகின்றன. வேகமாகப் பெருகும் புற்று அணுக்களே முதலில் அடிபடும். ஆனால் வாயின் மெல்லிய தோலும், குடலும், ரத்தம் உற்பத்தியாகும் எலும்பு மஜ்ஜையுங்கூட வேகமாகப் பெருகுகிறவைதாமே? அவையும் அடிபடுகின்றன. நடுவில் ஆறு நாள் ஓய்வு கிடைத்தால் நல்ல அணுக்கள் தேறிக்கொள்ளும். தினந்தோறும் கொடுத்தால் அந்த ஓய்வு அற்றுப்போகிறது. மூட்டு வாதத்துக்கும் இதே மாத்திரையைச் சிறிய அளவில் வாரம் ஒரு முறை கொடுப்பதுண்டு. அதைத் தினமும் விழுங்கி உயிரிழந்தவர்களும் பல தேசங்களில் உண்டு.

வீட்டில் செய்ய வேண்டியவை

மாத்திரைக்குரிய கிழமையை டாக்டரிடம் கேட்டு, டப்பாவின் மேல் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். வார மாத்திரையையும் தின மாத்திரையையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். 2.5 மில்லிகிராம், 10 மில்லிகிராம் என்று வெவ்வேறு அளவுகளில் மாத்திரைகள் விற்கின்றன. புதிதாக வாங்கும்போது எண்ணிக்கை மாறியிருந்தால், விழுங்குமுன் கேட்டுத் தெளியுங்கள். ஒரு வேளை தவறிவிட்டாலும், விழுங்கியதை வாந்தியெடுத்துவிட்டாலும், தாமாகவே மீண்டும் கொடுப்பதோ இரட்டிப்பாகக் கொடுப்பதோ கூடாது. அஞ்சித் தாமாகவே நிறுத்திவிடுவதும் அதே அளவு தவறு, நோய் திரும்பிவிடும்.

வாய்ப்புண், ஜுரம், காரணமின்றி ரத்தம் கசிதல், வறட்டு இருமல், மூச்சுத் திணறல், ஓயாத வாந்திபேதி, இவற்றில் ஒன்று கண்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். முக்கியமாக, ஜுரத்தை மாத்திரையால் அடக்கிவிட்டு விடியட்டும் என்று காத்திருப்பது இந்நோயாளிகளுக்கு ஆகாது. ரத்தப் பரிசோதனைத் தேதியை ஒருபோதும் தள்ளிப் போடலாகாது. மஜ்ஜை, ஈரல், சிறுநீரகம் இவற்றின் நிலை அதில்தான் தெரியும்.

வேறு மருந்து எதையும் கேளாமல் சேர்க்காதீர்கள். ஐபுபுரூபன், ஆஸ்பிரின் முதலிய வலி மாத்திரைகளும், கோ-ட்ரைமாக்ஸஸோல் என்னும் கிருமிக்கொல்லி மருந்தும் மெதோட்ரெக்ஸேட்டின் வேகத்தை அதிகப்படுத்தக்கூடும். சிகிச்சை செய்யும் டாக்டரே அவற்றில் ஒன்றைக் கொடுத்துக் கண்காணிப்பது வேறு விஷயம். லேகியமும் சத்து மாத்திரையும் இவ்விதியிலிருந்து தப்பா. போலிக் அமிலங்கூடச் சிலருக்கு வேண்டும், சிலருக்கு ஆகாது. தடுப்பூசி போடுமுன்னும் கேளுங்கள். பெரியவர்களாயின் மதுவை அறவே விலக்க வேண்டும்.

மாத்திரையை உடைக்கவோ இடிக்கவோ கூடாது. குழந்தையால் விழுங்க முடியவில்லையென்றால் டாக்டரிடமே வழி கேளுங்கள். தொடுகிறவர்கள் கையுறை அணிந்து, பின் கைகளைக் கழுவ வேண்டும். கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம். இம்மருந்து கருவைச் சிதைக்கும். மருந்து சாப்பிடும் ஸ்திரீகளும் புருஷர்களும், குழந்தைப் பேறு பற்றி முன்கூட்டியே டாக்டரைக் கலந்துகொள்ள வேண்டும். தாய்ப்பால் கொடுப்பதும் தகாது. மிஞ்சிய மாத்திரைகளை ஆஸ்பத்திரியிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அந்தப் பாட்டியின் அன்பில் ஒரு குறையும் இல்லை. அவளுக்குத் தெரிந்த பாஷையில் யாரும் எழுதித் தரவில்லை என்பதே குறை. இப்போது சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் வருஷம் முழுவதற்கும் புதன்கிழமைகளின் மேல் சிவப்பு மையால் வட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். புதன்தோறும் மாத்திரை கொடுத்த பிறகு, பாட்டி அந்தத் தாளைக் கிழித்துத் தன் பெட்டியில் வைத்துக்கொள்கிறாள். மறுநாள் யாராவது கேட்டால் காட்டுவதற்காம்!