ஒரே அளவுக் கடித உறை

"கதவைச் சாத்துங்கோ சேர், காசு பறக்குது!"

கத்துபவர் பொருளாளர். வயது பதினான்கு. இரண்டு உள்ளங்கைகளாலும் இருபது ரூபாய்த் தாள்களை அமத்திப் பிடித்துக்கொண்டு முழங்காலில் நிற்கிறார். கடற்காற்று உள்ளே வந்து அரைமணி நேரக் கணக்கைக் கலைத்துவிட்டது. சாரண ஆசிரியர் ஓடிப்போய்க் கதவைச் சாத்துகிறார். நான் மூலையில் கவிழ்த்துவைத்த கிடாரத்தின்மேல் குந்தியிருக்கிறேன். அடக்க முடியாத சந்தோசம் எனக்கு. ஊர் முழுக்கப் பார்க்கிற வேலை வாரத்தின் ஊர் பார்க்காத பக்கத்தை இன்று பார்க்கப்போகிறேன்!

திருகோணமலை நகரத்துப் பாடசாலை ஒன்றின் பின்கட்டு அறை இது. கரப்பந்து வலை, கயிற்றுச் சுருள்கள், கால் ஒடிந்த கதிரை, பாசறைக்குப் போய்ப்போய்க் கரிபிடித்த சட்டிகள். நடுவில் பாய் விரித்து அதன்மேல் வேலை வார அட்டைகள். ஜொப் வீக் என்றுதான் பிள்ளைகள் சொல்கிறார்கள். இங்கிலாந்தில் 1949இல் தொடங்கிய பழக்கம். அங்கே ஒரு வேலைக்கு ஒரு சிலிங் கூலி. பிறகு அந்த நாட்டில் அது மங்கிப்போனது. இலங்கையிலோ இன்றைக்கும் பையன்கள் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு படலையைத் தட்டி, "ஏதாவது வேலை இருக்கா அன்ரி?" என்று கேட்கிறார்கள். பிச்சை கேட்பதில்லை, வேலை கேட்கிறார்கள். வேலையைச் செய்த பிறகுதான் அட்டையில் வரி விழும்: என்ன வேலை, எவ்வளவு காசு, கொடுத்தவரின் கையொப்பம்.

அந்த அட்டைகளை வாசிக்கவேண்டும் நீங்கள்! மோட்டார் சைக்கிள் கழுவியது. வளவு கூட்டியது. தேங்காய் உரித்தது, எட்டு. கருவாடு புரட்டிப் போட்டது. வலையில் சிக்கிய பாசி எடுத்தது. அம்மம்மாவுக்குப் பேப்பர் வாசித்தது. மான்கள் மேயும் இடத்தில் பொலித்தீன் பொறுக்கியது. திருகோணமலையைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: எங்கள் ஊரில் புள்ளிமான்கள் கோட்டைக்குள்ளும் மைதானத்தைச் சுற்றியும் மாடுபோலத் திரியும், பொலித்தீனையும் தின்னும். அந்த வரியை எழுதிய பையனைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது.

பிறகு இரண்டு அட்டைகள் பக்கத்துப் பக்கத்தில் வந்து விழுந்தன. அப்போதுதான் ஏன் கதவைச் சாத்தி எண்ணுகிறார்கள் என்று விளங்கியது.

முதல் அட்டை உவர்மலைப் பக்கத்துப் பிள்ளையுடையது. வரிகள் முழுக்க நிரம்பிப் பின்பக்கமும் ஓடியிருந்தது. பல கையொப்பங்களின்கீழ் அலுவலக முத்திரை. அப்பாவோடு வேலை செய்கிறவர்கள் என்று பார்த்தவுடன் தெரியும். இரண்டாவது, திருக்கடலூர்ப் பிள்ளையுடையது. ஆறே வரி. தாளில் மீன் வாடை. "ஐஸ் பெட்டி கழுவியது" என்ற வரியும் "வலை தூக்கியது" என்ற வரியும் ஒவ்வொன்றும் அரைநாள் வேலை. காசுப் பகுதியைப் பார்த்தால் முதல் அட்டையின் இரண்டு வரிக்குக்கூட இந்த ஆறும் ஈடாகாது. யாரும் ஏமாற்றவில்லை. முதல் பிள்ளையும் வேலை செய்துதான் வாங்கியிருக்கிறான். கதவைத் திறக்கிற வீட்டின் பணப்பை வேறு, அவ்வளவுதான்.

இப்போது கேள்வி வருகிறது. இந்தக் காசு யாருடையது?

ஒவ்வொரு குழுவிலும் ஒரு பெற்றோராவது இதைக் கேட்பார்களாம். "சேர், என்ர மகன்தானே கூடச் சேர்த்தவன், அவன்ர பாசறைக் கட்டணத்தில கழிச்சுவிடுங்கோவன்." கேட்பதற்கு நியாயம்போலத்தான் இருக்கிறது. உழைத்தவனுக்குக் கூலி என்று நாங்களும் வளர்ந்தவர்கள்தானே. இந்த ஆசிரியர் ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான் சொல்கிறாராம்: "அவன் குழுவுக்காகத்தான் படலையைத் தட்டினவன், அன்ரி. சட்டையையும் பட்டியையும் பார்த்துத்தான் சனம் காசு தந்தது."

எனக்கு இந்தப் பதில் எவ்வளவு பிடித்துவிட்டது தெரியுமா! இந்த வாதம் கடல் கடந்து ஒரு நீதிமன்றத்துக்கே போயிருக்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் கப்பிட்டல் ஜிம்னாஸ்டிக்ஸ் பூஸ்டர் கிளப் என்றொரு பெற்றோர் சங்கம் இருந்தது. பொதி சுற்றும் தாள் முதலானவற்றை விற்றுச் சேர்த்த இலாபத்தை எந்தப் பெற்றோர் எவ்வளவு சேர்த்தார்களோ அந்த அளவுக்கு அவரவர் பிள்ளையின் போட்டிக் கட்டணத்திலேயே கழித்தார்கள். விற்காத வீட்டுப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. 2013இல் வரி நீதிமன்றம் இதைத் தொண்டு என்று ஏற்க முடியாது என்றது. அவரவர் பிள்ளைக்கே போகிற காசு தனியார் ஆதாயம், பொதுநலம் அல்ல. சங்கத்தின் வரிவிலக்குப் போனது. தனித்தனிப் பிள்ளையின் பெயரில் கணக்கு வைத்திருந்த சாரணர் குழுக்கள் அங்கே இதைக் கேட்டுத் தலையைச் சொறிந்ததில் வியப்பில்லை. அங்குள்ள பெண் சாரணியர் 1917இலிருந்து பிஸ்கட் விற்கிறவர்கள். யார் எத்தனை பெட்டி விற்றாலும் காசு குழுவுக்குத்தான் என்பது அவர்களுடைய விதி.

திருகோணமலைப் பின்கட்டு அறையில் நீதிபதி இல்லை. பால்மாப் பேணி ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான். எல்லா அட்டையின் காசும் அதற்குள் விழுந்தது. கலகலவென்று! மாவட்டத்துக்கும் தலைமையகத்துக்கும் போகவேண்டிய பங்கு போக, மிச்சம் குழுவின் பொதுக்காசு. உவர்மலைத் தாளும் திருக்கடலூர்த் தாளும் உள்ளே போனபிறகு எது எதுவென்று யாராலும் சொல்ல முடியாது. மீன் வாடை மட்டும் எல்லாத் தாளிலும் ஒட்டிக்கொண்டது.

சேர்க்கிற பக்கம் இது. கொடுக்கிற பக்கத்தில்தான் இரகசியம் இருந்தது. ஆசிரியர் மேசை லாச்சியைத் திறந்து ஒரு கட்டு கடித உறைகளை எடுத்துக் காட்டினார். எல்லாம் ஒரே அளவு, ஒரே மண்ணிறம். பாசறை அறிவித்தவுடன் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் உறை. குறித்த நாளில் எல்லோரும் ஒட்டிக் கொண்டுவந்து பெட்டிக்குள் போடவேண்டும். முழுக் கட்டணம் இருக்கலாம், பாதி இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். வெறும் உறை மெலிந்து காட்டிக்கொடுக்கக் கூடாதே என்று, கொடுக்கும்போதே எல்லா உறைக்குள்ளும் மடித்த வெற்றுத்தாள் ஒன்றை வைத்துவிடுகிறார்! நான் கிடாரத்தைவிட்டு எழும்பியே விட்டேன். வெற்றுத்தாள்! இதை யோசித்த மனத்தை என்ன சொல்வது?

உறையைத் திறக்கிறவர் அவர் ஒருவர்தான். பொருளாளரின் கொப்பியில் ஏறுவது மொத்தத் தொகை மட்டும். குறைந்த தொகையை ஈடுசெய்யப் பேணியிலிருந்து போகிற காசுக்குத் தனிப் பத்தி இருக்கிறது. அதன் தலைப்பில் ஒரு சிறு கோடு, பெயர் கிடையாது.

இவ்வளவு துள்ளுவதற்குக் காரணம் இருக்கிறது. நான் படித்த காலத்தில் வேறோர் ஊரில், காலைக் கூட்டத்தில் கட்டணம் கட்டாதவர்களின் பெயரை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். கையைத் தூக்கவேண்டும். மூன்று கிழமை தொடர்ந்து கையைத் தூக்கினேன். நாலாம் கிழமை, சுற்றுலாவுக்குப் போக விருப்பமில்லை என்று நானே சொல்லிவிட்டேன். போக எவ்வளவு ஆசை என்று வீட்டுச் சுவருக்குத்தான் தெரியும். உதவி அன்றைக்கும் இருந்தது, கேட்டிருந்தால் தந்திருப்பார்கள். கேட்பதற்குத்தான் வாய் வரவில்லை. பணமில்லாத பிள்ளை முதலில் கூட்டத்தைவிட்டு விலகும், காரணத்தைப் பிறகும் சொல்லாது. அந்தப் பிள்ளைக்கு இந்த உறை எவ்வளவு பெரிய விடயம் என்று எனக்குத் தெரியும்.

சாரணீயத்தின் முதல் பாசறையே இந்தக் கணக்கோடுதான் தொடங்கியது என்று அறிந்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. 1907 ஆகஸ்ட், இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவு. இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் இருபது பையன்கள் அளவில் கூட்டிக்கொண்டு போனார். பாதிப்பேர் பெரிய இடத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள், மற்றவர்கள் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள். கட்டணம், வசதியுள்ளவர்களுக்கு ஒரு பவுண், மற்றவர்களுக்கு மூன்று சிலிங் ஆறு பென்ஸ். அந்தக் காலத்துப் பவுணுக்கு இருபது சிலிங். அப்படியென்றால் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை! ஆனால் கூடாரம் ஒன்று, சோறு ஒன்று, அணிகளில் இரண்டு பகுதியும் கலந்துதான். ஐந்து வருசம் கழித்து, 1912இல், சாரணீயம் இலங்கையில் மாத்தளைக்கு வந்தது. இன்றைக்கும் உலகச் சாரணர் பெரும்பாசறைகளான ஜம்போரிகளில் நாட்டின் வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தைப் படிப்படியாக வைக்கிறார்கள். சமமாக வாங்குவதல்ல நியாயம் என்பது இந்த இயக்கத்துக்கு முதல் நாளிலிருந்தே தெரியும்.

அலுமாரியையும் திறந்து காட்டினார்கள். காக்கிச் சட்டைகள், காற்சட்டைகள், பட்டிகள், சப்பாத்துகள். எல்லாம் தோய்த்து மினுக்கி அளவுப்படி அடுக்கியிருந்தன. பாடசாலைச் சீருடைக்கு அரசாங்கம் இலவசத் துணி தருகிறது, சாரணர் சீருடைக்குத் தருவதில்லை. வளர்ந்த பிள்ளை பழையதைக் கொண்டுவந்து வைக்கவேண்டும், வளர்கிற பிள்ளை எடுக்கவேண்டும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளும் இங்கேதான் எடுக்கிறார்கள், அது கட்டாயம். அதனால் எடுத்ததை வைத்து யாரையும் எடைபோட முடியாது. "இந்தச் சட்டை எனக்கு முதல் நாலுபேர் போட்டது!" என்று ஒரு சின்னவன் பெருமையாகக் கொலரைத் திருப்பிக் காட்டினான். உள்ளே அழிந்தும் அழியாமலும் நாலு முதலெழுத்துகள்.

2022இல் இந்த அறைக்கு வந்த சோதனையையும் சொன்னார்கள். அந்த ஏப்ரலில் நாடு கடன் கட்ட முடியாது என்று அறிவித்தது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. பேணியில் இருந்த காசு இருந்தபடியே பாதியாகிப்போனது. கட்டணத்தைக் கூட்டினால் அரைவாசிப் பிள்ளைகள் வரமாட்டார்கள். அப்போது யாரோ ஓர் அம்மா சொன்னாராம், "பிடியரிசி போடுவம்" என்று. எங்கள் சைவப் பாடசாலைகளையும் மடங்களையும் தாங்கிய அதே பிடியரிசி! உலை வைக்குமுன் ஒரு பிடி எடுத்துத் தனியே போட்டுவைப்பது. பெரிய கைக்குப் பெரிய பிடி, சின்னக் கைக்குச் சின்னப் பிடி, யாரும் அளப்பதில்லை. பாசறையன்று சிவப்பரிசி, வெள்ளையரிசி, சம்பா எல்லாம் ஒரே சாக்கில் கொட்டுண்டன. சோறு குழைந்தும் குழையாமலும் வந்ததாம். "மூண்டு சாதியும் ஒரு சட்டிக்குள்ள அவியாது ரீச்சர்," என்று சமையல் அணித்தலைவர் எனக்கு விளக்கினார், மிகுந்த அனுபவத்தோடு. அரிசியைத்தான் சொன்னார்.

நியாயத்துக்கு இன்னொரு முகம் தூரம். கொழும்பிலே நடக்கிற பாசறை என்றால் எங்கள் பிள்ளைக்குக் கட்டணத்தைவிடப் பயணச் செலவு பெரிது. மூதூர், கிண்ணியாப் பிள்ளைகளுக்கு நகரத்துக்கு வருவதே ஒருகாலத்தில் பயணம்தான். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை மிதக்கும் பாதையில் ஏறித்தான் கடலைக் கடந்தார்கள். அதனால்தான் 2024 பெப்ரவரியை இந்த ஊர் மறக்காது. 2016இல் யாழ்ப்பாணத்துக்குப் போன தேசிய ஜம்போரி, பத்தாவது முறை கூடியபோது திருகோணமலைக்கு வந்தது! மெக்கெய்சர் விளையாட்டரங்குப் பக்கமெல்லாம் கழுத்துப்பட்டிகள். சிங்களமும் தமிழும் ஒன்றையொன்று மேவிச் சத்தம். பஸ்காசு இல்லாத பிள்ளை அந்த ஒருமுறை நடந்தே தேசிய ஜம்போரிக்குப் போகலாம். தலைநகரத்துப் பிள்ளைகள் இரவு ரயில் பிடித்து வரட்டும்!

மனதில் நெருடுகிற ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். ஒரு குழுவுக்குள் இருக்கிற வித்தியாசத்தை இந்தப் பேணி தீர்த்துவிடுகிறது. குழுவுக்கும் குழுவுக்கும் இடையில் இருப்பதைத் தீர்ப்பதில்லை. பெயர்பெற்ற நகரப் பாடசாலைக்கு இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பழைய மாணவர் இருக்கிறார்கள். ஒரு செய்தி போட்டால் கூடாரம் வந்துவிடும். குச்சவெளிப் பக்கத்துச் சின்னப் பாடசாலைக்கோ, போரில் இடம்பெயர்ந்து பல வருடம் கழித்து மீண்ட சம்பூர்ப் பாடசாலைக்கோ அப்படிப்பட்ட மாமா எங்கே? வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: உங்கள் பாடசாலைக்கு இரண்டு கூடாரம் அனுப்பும்போது மூன்றாவதை மாவட்டத்துக்கென்று அனுப்புங்கள். கொடுக்கும்போது பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் பிடிக்காதீர்கள். அந்தப் படத்தில் நிற்கிற பிள்ளை அதை வாழ்நாள் முழுக்கப் பார்க்கவேண்டியிருக்கும்.

அறையில் விளக்குப் போட்டாயிற்று. கோணேசர் கோயில் மலைப்பக்கம் இருட்டிவிட்டது. தேத்தண்ணி வந்தது, மாரி பிஸ்கட் வந்தது. பொருளாளர் மூன்றாம் முறையாக எண்ணுகிறார், நெற்றியில் வியர்வை. அட்டைகளின் கூட்டுத்தொகையும் பேணிக்காசும் பொருந்தவில்லை.

"குறையுதா?" என்று ஆசிரியர் கேட்டார். அறையே மூச்சை அடக்கியது, நானும்தான்.

"இல்ல சேர். இருவது ரூவா கூட இருக்கு."

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாருடைய அட்டையிலும் இல்லாத இருபது ரூபாய். நாலாம் முறையும் எண்ணினார்கள். அப்போதும் இருந்தது.

"ஆரின்ர பேரில எழுதிறது?" என்று ஒருவன் கேட்டான்.

பொருளாளர் கொப்பியைப் புரட்டி, கோடு போட்ட அந்தப் பத்தியில் விரலை வைத்தார். "இதிலதானே பேர் இல்ல," என்றார். இருபது என்று எழுதி, பேணியை மூடினார்.