நிரலின் செம்மையான நிறைவு: நூல் மாற்றப் பணியில் பைத்தான் மொழி

முன்னுரை

தமிழ் நூல்களின் மின்பதிப்புகள் அனைத்தும் ஒரே குறியேற்றத்தில் அமைந்தவை அல்ல. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டத்தின் நூல்கள் திஸ்கி குறியேற்றத்திலும் பின்னர் ஒருங்குறியிலும் வெளியாயின. தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டில் ஒருங்குறியை ஏற்றது. பழைய குறியேற்றத்தில் உள்ள நூல்களை ஒருங்குறிக்கு மாற்றுவதற்குப் பைத்தான் போன்ற ஸ்கிரிப்டு மொழிகளில் எழுதப்படும் சிறு நிரல்கள் பெரிதும் பயன்படுகின்றன. எழுத்துகளை எவ்வாறு மாற்றுவது என்பதில் செலுத்தப்படும் கவனம், நிரல் எவ்வாறு முடிவடைகிறது என்பதில் செலுத்தப்படுவதில்லை. முறையாக முடியாத நிரல், குறையுள்ள நூலை நிறைவுற்ற நூல் போல விட்டுச் செல்லும். அதனைத் தவிர்க்கும் வழிகளை இக்கட்டுரை விளக்குகிறது.

1. குறை மறைந்து நிற்கும் விதம்

நிரல் எழுதும் எழுத்துகள் உடனுக்குடன் வட்டினைச் சென்றடைவதில்லை. அவை முதலில் நினைவகத்தின் ஒரு பகுதியாகிய இடையகத்தில் சேர்கின்றன. அது நிரம்பிய பின்னரே கோப்புக்குச் செல்கின்றன. பைத்தானின் பல பதிப்புகளில் இவ்விடையகத்தின் இயல்பான அளவு 8192 பைட்டுகள். யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டுகள் கொள்ளும்; ‘தமிழ்’ என்னும் சொல் 5 குறிகளும் 15 பைட்டுகளும் ஆகும். 8192 என்பது மூன்றால் மீதியின்றி வகுபடாத எண். ஆகவே, இடையில் நின்ற கோப்பு ஓர் எழுத்தின் நடுவிலேயே அறுபட்டிருத்தல் கூடும்.

அவ்வாறு அறுபட்டால் ஒரு வகையில் நன்மையே. அக்கோப்பைப் படிக்க முற்படும் அடுத்த நிரல் பிழையைக் காட்டிவிடும். குறிகளின் எல்லையில் அறுபடுவதே கேடானது. ‘பால்’ என்னும் சொல்லின் இறுதி 3 பைட்டுகள் இழக்கப்பட்டால் புள்ளி மறைந்து ‘பால’ என நிற்கும். ஒருங்குறி விதிப்படி அதில் பிழையில்லை. எந்தச் சோதனை நிரலும் அதனைத் தடுக்காது. இறுதி இயல்கள் இல்லாத அத்தகைய நூலைக் கொண்டு சொல்லடைவும் சொற்கணக்கும் செய்யும் ஆய்வாளர், இல்லாத பகுதியை நூலாசிரியர் எழுதாத பகுதியாகவே கொள்வார்.

திஸ்கி மாற்றத்தில் மற்றொரு நுட்பமும் உண்டு. அக்குறியேற்றத்தில் கொம்பு மெய்க்கு முன்னர் எழுதப்படும். ஒருங்குறியிலோ பின்னர் வரும். எனவே மாற்றி நிரல் கொம்பினைக் கையில் வைத்துக்கொண்டு மெய்க்காகக் காத்திருக்கும். உள்ளீடு தீர்ந்த நிலையில் கையில் கொம்பு எஞ்சியிருப்பின், மூலக்கோப்பே குறையுடையது எனப் பொருள். அதனை நிரல் தன் இறுதியில் அறிவித்தல் வேண்டும்.

2. வெளியேறும் கட்டளைகள்

பைத்தானில் நிரலை முடிப்பதற்குரிய முறையான கட்டளை சிஸ்.எக்ஸிட். இது நிரலை அந்நொடியே அறுத்துவிடுவதில்லை. சிஸ்டம்எக்ஸிட் என்னும் விதிவிலக்கை எழுப்புகிறது. அவ்விதிவிலக்கு மேலெழுந்து செல்லும் வழியில் ஃபைனலி பகுதிகள் இயங்குகின்றன. வித் கூற்றால் திறக்கப்பட்ட கோப்புகள் மூடப்படுகின்றன. இடையகத்தில் எஞ்சியவை எழுதப்படுகின்றன.

இதனால் ஒரு விளைவும் உண்டு. நூறு நூல்களை வரிசையாக மாற்றும் நிரலில், பிழை வந்தால் அடுத்த நூலுக்குச் செல்லும் பொருட்டு, வகை குறிப்பிடாத எக்செப்ட் கூற்றினை எழுதுவோர் உளர். அக்கூற்று சிஸ்டம்எக்ஸிட்டையும் பிடித்துக்கொள்ளும். நிற்கவேண்டிய நிரல் நில்லாது தொடரும். எக்செப்ஷன் என வகையைக் குறிப்பிட்டு எழுதின் இவ்விடர் இல்லை. பைத்தான் 2.5ஆம் பதிப்பு முதல் சிஸ்டம்எக்ஸிட் அவ்வகையின் கீழ் அடங்குவதில்லை.

ஓஎஸ் தொகுதியில் அடிக்கோட்டுடன் தொடங்கும் எக்ஸிட் கட்டளை இதற்கு மாறானது. அது எந்த ஒழுங்குபடுத்தலும் இன்றி உடனே முடித்துவிடும். இடையகத்தில் இருந்தவை அழியும். பெற்றோர்ச் செயல்முறையிலிருந்து கிளைத்த சேய்ச் செயல்முறையை முடிப்பதற்கே அது உரியது.

3. முடிவுநிலை எண்

முடியும் நிரல் தன்னை அழைத்தவரிடம் ஓர் எண்ணை ஒப்படைக்கிறது. 0 வெற்றியையும் பிற எண்கள் தோல்வியையும் குறிக்கும். சிஸ்.எக்ஸிட்டுக்கு எதுவும் தராவிடின் 0 செல்லும். ஒரு செய்தியைத் தந்தால் அது பிழை வெளியீட்டில் அச்சாகி 1 செல்லும். பிழையைத் திரையில் அச்சிட்டுவிட்டு வெறுமனே வெளியேறும் நிரல், மனிதரிடம் தோல்வியையும் கணினியிடம் வெற்றியையும் கூறுகிறது.

யுனிக்ஸ் வழி இயங்குதளங்களில் இவ்வெண் 0 முதல் 255 வரை மட்டுமே. மாற்றப்படாத நூல்களின் எண்ணிக்கையையே முடிவுநிலை எண்ணாகத் தரும் நிரல், 256 நூல்களில் தவறும்போது 0 எனத் தெரிவிக்கும். எண்ணிக்கைக்குரிய இடம் பதிவேடு; முடிவுநிலை எண்ணுக்கு 0, 1 ஆகியவையே போதும்.

4. புறத்திலிருந்து வரும் நிறுத்தம்

விசைப்பலகை வழியாக நிறுத்தினால் பைத்தான் அதனை விதிவிலக்காக மாற்றிக்கொள்ளும். வழங்கியை மூடும்போது அனுப்பப்படும் 15ஆம் எண் சமிக்ஞைக்கோ அவ்வாறான ஏற்பாடு இயல்பாக இல்லை. ஃபைனலி பகுதிகள் இயங்காமலே நிரல் மடியும். அச்சமிக்ஞையைப் பெற்றுச் சிஸ்.எக்ஸிட்டை அழைக்கும் சிறு செயற்கூறு ஒன்றைப் பதிவு செய்தால் ஒழுங்கான முடிவு கிட்டும். 9ஆம் எண் சமிக்ஞையை எந்த நிரலும் தடுக்க இயலாது, மின்தடையும் அத்தகையதே.

5. தற்காலிகப் பெயர் முறை

ஆகவே கோப்பை மூடுவது மட்டும் போதாது. பாதி எழுதிய கோப்பையும் வித் கூற்று முறையாகவே மூடிவிடும். மூடிய கோப்பு முழுமையான கோப்பு ஆகாது. மாற்றப்படும் நூலை அதே அடைவில் ஒரு தற்காலிகப் பெயரில் எழுதி, உள்ளீடு முழுவதும் தீர்ந்ததையும் கொம்பு எதுவும் எஞ்சாததையும் உறுதிசெய்து, வட்டில் பதியச்செய்து, அதன் பின்னரே ஓஎஸ்.ரீப்ளேஸ் கட்டளையால் உரிய பெயரைச் சூட்டுதல் வேண்டும். ஒரே கோப்பு முறைமைக்குள் இப்பெயர் மாற்றம், லினக்ஸ் போன்ற தளங்களில், பிளவுபடாத ஒரே செயலாக நிகழும். இடையில் எது நேர்ந்தாலும் உரிய பெயரில் பழைய நூல் இருக்கும் அல்லது புதிய நூல் முழுமையாக இருக்கும். அரைகுறை நூல் அப்பெயரைப் பெறாது.

நிறைவுரை

சிஸ்.எக்ஸிட்டின் வழியே வெளியேறுதல், உண்மையான முடிவுநிலை எண்ணைத் தருதல், சமிக்ஞையை ஏற்றல், நிறைவுற்ற பின்னரே பெயர் சூட்டல் ஆகிய நான்கும் சில வரிகளில் அமையக்கூடியவை. ஏட்டுச்சுவடியில் ஏடு முறிந்த இடம் கண்ணுக்குத் தெரியும். பதிப்பாசிரியர் அதனைக் குறித்துச் செல்வார். மின்கோப்பில் முறிவு தானாகத் தெரிவதில்லை. அதனைத் தெரிவிக்கும் பொறுப்பு நிரலின் இறுதி வரிகளைச் சார்ந்தது.