பொறி தவறினால் பயிர் தவறும்

பழைய நீர் இறைக்கும் மெசினுக்குப் பற்றவைப்புப் பாகங்கள் வாங்குவோர் கவனத்திற்கு

மீளக்குடியமர்ந்த கிராமமொன்றில் ஒரு பங்குனி மாதத்தில் நாம் கண்ட காட்சி இது. கிணற்றடியில் ஒரு சகோதரி நின்றிருந்தார். காலடியில் பழைய மண்ணெண்ணெய் மெசின். நான்கு பரப்பில் சின்ன வெங்காயம் நட்டு 35 ஆம் நாள். வெயில் நெருப்பாய்க் கொட்டிக்கொண்டிருந்தது. அவரது கையிலிருந்த பையில் மூன்று பிளக்குகளும் கழற்றிய கொயில் ஒன்றும் இருந்தன.

"பாதர், இந்த மெசினுக்கு நான் இனி என்னத்தைத்தான் வாங்கிக் குடுக்கிறது?" என்று அவர் கேட்டார்.

விடியற்காலையில் மெசின் ஒரே இழுவையில் இயங்கும். அரை மணித்தியாலம் ஒழுங்காக இறைக்கும். பிறகு இருமி இருமி நின்றுவிடும். ஆறவிட்டு இழுத்தால் மறுபடி இயங்கும். கடைக்குப் போனபோது முதலில் பிளக் மாற்றச் சொன்னார்கள். அடுத்த முறையும் அதையே சொன்னார்கள். கடைசியில் கொயில் பழுது என்றார்கள். காதுத் தோட்டை அடகு வைத்துக் கொயில் வாங்கினார். மெசினோ பழையபடியே நின்றது.

உண்மையில் பழுதடைந்திருந்தது சுண்டுவிரலளவு கொண்டென்சர் ஒன்று. கொயிலின் விலையில் அது ஒரு சிறு பங்குதான். அதை மாற்றியதும் மெசின் ஓடியது. ஆனால் அதற்குள் பத்து நாட்கள் போய்விட்டன. நான்கு பரப்பில் இரண்டு பரப்பே தேறியது.

அவரிடம் உழைப்புக் குறைவில்லை. குறைந்தது அறிவு மட்டுமே. அதுவும் அவர் குற்றமன்று. யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. கணவன்மார் இருந்த காலத்தில் மெசின் ஆண்களின் காரியமாயிருந்தது. 2009 இல் யுத்தம் முடிந்தபோது எத்தனையோ குடும்பங்களின் பாரம் பெண்களின் தோள்களில் இறங்கியிருந்தது. ஆகவே இக்கட்டுரையை ஆண்களும் பெண்களும் சேர்ந்து வாசிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

பொறி எப்படிப் பிறக்கிறது?

எமது தோட்டங்களில் உள்ள சிறிய மெசின்களில் பெரும்பாலானவற்றுக்குப் பற்றரி கிடையாது. கயிற்றை இழுக்கும்போது பிளைவீல் சுழல்கிறது. அதில் பதிந்துள்ள காந்தம் கொயிலைக் கடந்து செல்கையில் கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. அந்த மின்சாரம் பொயின்ற் என்னும் சிறு கதவின் வழியே ஓடுகிறது. சரியான கணத்தில் கதவு திறக்கிறது. ஓட்டம் அறுபடுகிறது. அந்த அதிர்ச்சியில் கொயிலின் இரண்டாவது சுருளில் பல்லாயிரம் வோல்ற் எழுந்து, பிளக்கின் முனையில் பொறியாகப் பாய்கிறது. கதவு திறக்கும்போது அங்கேயே பொறி தாவி மின்சாரம் வீணாகாமல் தாங்கிக்கொள்வது கொண்டென்சரின் வேலை.

இந்த உயர் அழுத்த மக்னெற்றோவை ஜேர்மனியில் றொபேட் பொஷ் அவர்களின் தொழிற்சாலையில் கொட்லொப் ஹொனொல்ட் என்ற பொறியியலாளர் 1902 இல் உருவாக்கினார். நூற்றாண்டு கடந்தும் எங்கள் கிணற்றடியில் நிற்பது அதே தத்துவந்தான்.

நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் மெசினில் பிளைவீலின் அடியிலுள்ள பொயின்ற் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை திறந்து மூடுகிறது. ஒரு மணித்தியாலத்தில் 1,80,000 தடவைகள்! இந்தச் சிறு உலோகத் துண்டு தேயாமல் இருக்க முடியுமா? ஆகவே பொயின்ற் தேய்வதைப் பழுது என்று எண்ணாதீர்கள். மண்வெட்டி தேய்வதைப் போன்றது அது. காலத்துக்குக் காலம் பார்த்து மாற்ற வேண்டியது.

காற்றால் குளிரும் எஞ்சின்

எமது மெசின்களில் றேடியேற்றர் இல்லை. பிளைவீலின் இறகுகள் வீசும் காற்றே சிலிண்டரின் செதில்களினூடாகச் சென்று சூட்டை எடுத்துச் செல்கிறது. 1950 இல் ஜேர்மனியில் உற்பத்தி தொடங்கிய வோக்ஸ்வாகன் வானின் எஞ்சினும் இதே இனத்தது. நான்கு சிலிண்டர், பற்றரி, டிஸ்ரிபியூற்றர் என்று அது பெரிதாயினும் விசிறிக் காற்றிலேதான் குளிர்ந்தது.

அந்த வானைப் பாவித்தோர் கற்ற பாடமொன்று எமக்கும் உதவும். தேய்ந்த டிஸ்ரிபியூற்றருக்குப் பதிலாக 009 என்ற இலக்கமுடையதைப் பலர் பொருத்தினார்கள். அது மலிவு, அளவாகப் பொருந்தவும் செய்தது. ஆனால் எஞ்சினின் வெற்றிட இழுவையைக் கொண்டு பொறியை முன்தள்ளும் அமைப்பு அதில் இல்லை. அந்த அமைப்பை எதிர்பார்த்துச் செய்யப்பட்ட காபரேற்றர் உள்ள வான், மிதித்தவுடன் தயங்கித் தடுமாறியது. துளைக்குள் போகும் பாகமெல்லாம் எஞ்சினுக்கு ஏற்ற பாகம் அல்ல.

முதலில் சோதனை, பிறகே கடை

பணத்தை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடுமுன் பின்வரும் ஒழுங்கில் பாருங்கள். செலவில்லாதது முதலில், செலவு கூடியது கடைசியில் வருகிறது.

1. பிளக்கைக் கழற்றித் துடைத்து, மறுபடி அதன் தொப்பியில் செருகுங்கள். பிளக்கின் உலோக உடம்பை எஞ்சினின் வெறும் இரும்பில் அழுத்திப் பிடித்து, நிழலில் வைத்துக் கயிற்றை இழுக்கச் சொல்லுங்கள். பிளக்கை அதன் துளைக்கு அருகில் வைக்கக் கூடாது. துளையிலிருந்து வரும் எண்ணெய் ஆவி பற்றிக்கொள்ளும். தொப்பியின் இறப்பரைப் பிடியுங்கள், உலோகத்தைத் தொடாதீர்கள். நீல நிறமாய்ச் சத்தத்துடன் பாய்ந்தால் பொறி நல்லது. மஞ்சளாய் மெலிந்திருந்தால் நோயாளி.

2. பொறி இல்லையாயின் நிச்சயமாக நல்லதென்று தெரிந்த வேறொரு பிளக்கை வைத்துப் பாருங்கள். அயல் வீட்டு மெசினின் பிளக் போதும்.

3. அதன் பின்னும் இல்லையாயின் நிறுத்தும் சுவிச்சுக்குச் செல்லும் கம்பியைக் கழற்றிவிட்டு இழுத்துப் பாருங்கள். அந்தக் கம்பி தோலுரிந்து எஞ்சின் உடம்பில் பட்டாலும் பொறி செத்துவிடும். இதற்குச் செலவு ஒரு துண்டு இன்சுலேற்றிங் ரேப் மட்டுமே.

4. பிளக் வயரும் தொப்பியும் வெடித்திருக்கின்றனவா, எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

5. இவை யாவும் சரியெனில் மட்டுமே பிளைவீலைக் கழற்றிப் பொயின்றைப் பாருங்கள். அதைக் கழற்ற அதற்குரிய இழுவை ஆயுதம் வேண்டும். சுத்தியலால் அடித்தால் காந்தமும் அச்சும் கெடும். உள்ளேயுள்ள சிறிய சாவித் துண்டு பாதி வெட்டுண்டிருந்தால் பொறி நேரம் தவறிப் பாயும். கயிறு கையைப் பின்னோக்கி உதறும்.

அந்தச் சகோதரியின் மெசின் சொன்ன செய்தியையும் மறவாதீர்கள். குளிரில் ஓடி, சூட்டில் நின்று, ஆறியதும் ஓடினால் கொண்டென்சரையும் கொயிலையும் சந்தேகியுங்கள். மலிவான கொண்டென்சரை முதலில் மாற்றிப் பாருங்கள்.

பிளக் தெரிவு

பிளக்கின் உடம்பிலுள்ள இலக்கம் வெறும் அலங்காரமன்று. உதாரணமாக என்.ஜி.கே. நிறுவனத்தின் பி6எச்எஸ் என்பதை எடுத்துக்கொள்வோம். 'பி' என்றால் புரி 14 மில்லிமீற்றர் அகலம். 'எச்' என்றால் புரியின் நீளம் 12.7 மில்லிமீற்றர். அந்த இடத்தில் 'ஈ' இருந்தால் நீளம் 19 மில்லிமீற்றர். குட்டைப் புரிக்குரிய எஞ்சினில் நீளமானதை இறுக்கினால் அது உள்ளே நீண்டு பிஸ்டனில் முட்டக்கூடும். நீளமானதற்குரிய இடத்தில் குட்டையானதைப் போட்டால் மிச்சப் புரியில் கரி படிந்து, பின்னர் சரியான பிளக்கும் ஏறாது.

நடுவிலுள்ள 6 என்பது சூட்டின் அளவு. என்.ஜி.கே. பிளக்கில் இலக்கம் கூடக்கூடப் பிளக் குளிர்ந்தது, குறையக்குறையச் சூடானது. பொஷ் பிளக்கில் இது தலைகீழ்: இலக்கம் கூடினால் சூடானது. கம்பனி மாறும்போது இலக்கத்தை மட்டும் ஒப்பிட்டு வாங்கினால் ஏமாந்துபோவோம். காற்றால் குளிரும் எஞ்சினில் அளவுக்கு மிஞ்சிய சூட்டுப் பிளக் போட்டால், பொறி பாயுமுன்பே எரிபொருள் தானாகப் பற்றிப் பிஸ்டனையே துளைத்துவிடலாம். அளவுக்கு மிஞ்சிய குளிர்ப் பிளக்கோ கரி பிடித்து நின்றுவிடும். மண்ணெண்ணெயில் ஓடும் மெசின் கரி பிடிக்கும் சுபாவமுடையது. ஆகவே மெசினுடன் வந்த புத்தகத்தில் உள்ள இலக்கத்தையே கேளுங்கள்.

கழற்றிய பிளக்கின் முனை மங்கிய மண்ணிறமாயிருந்தால் எஞ்சின் சுகமாயுள்ளது. உலர்ந்த கரியாயின் எரிபொருள் மிகுதி, அல்லது காற்று வடிகட்டி அடைபட்டுள்ளது. ஒயில் நனைந்திருந்தால் றிங் தேய்ந்திருக்கலாம். அதற்கு எத்தனை புதிய பிளக் வாங்கினாலும் பயனில்லை. வெள்ளையாய்ப் பொரிந்திருந்தால் எஞ்சின் மிகையாய்ச் சூடாகிறது. செதில்களில் அடைந்துள்ள புல்லையும் சேற்றையும் முதலில் அகற்றுங்கள்.

போலிப் பிளக்குகளும் சந்தையில் உண்டு. எழுத்து மங்கியிருத்தல், புரி கரடுமுரடாயிருத்தல், நடு முனை கோணலாயிருத்தல், வளையம் இலகுவில் கழன்று வருதல் ஆகியவை அடையாளங்கள். விலை நம்ப முடியாதபடி மலிவாயிருந்தால் நம்பவேண்டாம். பொருத்துமுன் இடைவெளியைப் புத்தகத்தின்படி சரிபாருங்கள். பல மெசின்களுக்கு அது 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர்.

பொயின்றும் கொண்டென்சரும்

இவை இரண்டையும் சோடியாகவே வாங்குங்கள். பழுதான கொண்டென்சர் புதிய பொயின்றை விரைவில் எரித்துவிடும். வாங்கும்போது பொயின்றின் இரு முகங்களும் தட்டையாக ஒன்றையொன்று சந்திக்கின்றனவா, வில்லு இறுக்கமாயுள்ளதா என்று பாருங்கள். பொருத்திய பின் முழுதாகத் திறக்கும் நிலையில் இடைவெளி ஏறக்குறைய 0.35 முதல் 0.4 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். பீலர் கேஜ் என்னும் அளவுத் தகடு ஒரு கிராமத்துக்கு ஒன்று இருந்தாலே போதும்.

முகங்களைச் சுத்தமான கடதாசியை இடையில் வைத்து இழுத்துத் துடையுங்கள். மண் கடதாசி போடாதீர்கள். அதன் துகள் உள்ளே தங்கும். எண்ணெய்க் கையால் தொடாதீர்கள். எண்ணெய் எரிந்து கருகும். பொயின்ற் உராயும் இடத்தில் அரிசி அளவு கிறீஸ் போதுமானது.

கொயிலும் இலத்திரனியலும்

கொயிலைக் கடைசியாகவே சந்தேகியுங்கள். அது விலை கூடியது, அடிக்கடி பழுதாவதுமில்லை. வெளியே பொருத்தப்படும் கொயிலாயின் பிளைவீலுக்கும் அதற்கும் இடையில் ஏறக்குறைய 0.4 மில்லிமீற்றர் இடைவெளி வேண்டும். அங்கே துருப்பிடித்திருந்தால் துடைத்தாலே பொறி திரும்பக்கூடும்.

புதிய மெசின்களில் பொயின்ற் இல்லை. மூடிய இலத்திரனியல் கொயில் உண்டு. பழைய மெசினுக்கும் பொயின்றுக்குப் பதிலாகச் சிறிய இலத்திரனியல் பெட்டி கிடைக்கிறது. தேய்மானமில்லை, இடைவெளி சரிசெய்யத் தேவையில்லை என்பது நன்மை. ஆனால் செத்தால் அது முழுதாகவே செத்துவிடும். கிணற்றடியில் வைத்துத் திருத்த முடியாது. பொருத்துவோர் கழற்றிய பொயின்றையும் கொண்டென்சரையும் எறியாமல் ஒயில் தடவிப் பொதிந்து வையுங்கள்.

எரிபொருளும் எமது அனுபவமும்

1990 முதல் பொருளாதாரத் தடை இருந்த ஆண்டுகளில், எமது மக்கள் சில துளி பெற்றோலில் எஞ்சினைத் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பழைய மொறிஸ், ஒஸ்ரின் கார்கள்கூட அப்படித்தான் ஓடின. அந்தக் கைத்திறன் எமது சொத்து. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேயடியாக உயர்ந்தபோது, அந்தச் சொத்தின் அருமை மறுபடி தெரிந்தது. பொறி மெலிந்த எஞ்சின், எரிக்காத எண்ணெயைப் புகையாக வெளியே விடுகிறது. அதில் ஒரு பங்கு கீழே இறங்கி ஒயிலையும் நீர்க்கச் செய்கிறது. ஒயில் மட்டம் தானாக உயர்ந்தால் மகிழாதீர்கள், உடனே மாற்றுங்கள். மெசினை நிறுத்துமுன் சிறிது நேரம் பெற்றோலில் ஓட்டி நிறுத்தினால், மறுநாள் பிளக் நனையாமல் இலகுவில் இயங்கும்.

கூடி வாங்குவோம்

பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு பெட்டி போதும். அதற்குள் இரண்டு பிளக், ஒரு சோடி பொயின்றும் கொண்டென்சரும், ஓர் அளவுத் தகடு, ஒரு பிளைவீல் இழுவை, ஒரு கொப்பி. எந்த மெசின், அதன் இலக்கம் என்ன, எந்தப் பாகம் எந்தத் திகதியில் மாற்றப்பட்டது என்று கொப்பியில் எழுதுங்கள். எடுத்தவர் புதிது வாங்கி வைக்கட்டும். எல்லாரது மெசினும் ஒரே நாளில் பழுதாவதில்லை. ஆனால் எல்லாரது பயிரும் ஒரே நாளில் தண்ணீர் கேட்கிறது.

பத்துக் கன்னியரின் உவமையை நாம் அறிவோம். அவர்களிடையே இருந்த வேறுபாடு விளக்கில் இல்லை. முன்கூட்டியே எடுத்து வைத்த எண்ணெயில் இருந்தது. கிணற்றடியிலும் அப்படித்தான்.

மேலே சொன்ன சகோதரி இப்போது தமது மெசினைத் தாமே கழற்றிப் பூட்டுகிறார். அடகு வைத்த தோட்டை அடுத்த போகத்தில் மீட்டுவிட்டார். அயலில் மெசின் நின்றால் அவரையே அழைக்கிறார்கள். அவர் முதலில் கேட்கும் கேள்வி, "குளிரிலை நிக்குதா, சூட்டிலை நிக்குதா?" என்பதுதான்.