டீசல் காரிலிருந்து குளிர்சாதனத்தை நீக்குதல்

காரில் குளிர்சாதனம் பொருத்தும் முறையைச் சொல்ல ஆட்கள் பலர் உண்டு. பொருத்தியதைக் கழற்றும் முறையைச் சொல்வார் அரிது. “நாலு போல்ட்டு, ரெண்டு பைப்பு, அவ்வளவுதான்” என்று பட்டறைகளில் சொல்வதுண்டு. அந்த இரண்டு பைப்புகளுக்குள் இயற்பியலும் வேதியியலும் அடைபட்டுக் கிடக்கின்றன என்பதை எங்கள் வீட்டு வாடகைக் காரில் இவ்வேலை நடந்தபோதுதான் உணர்ந்தேன். அப்போது கண்டவற்றை நண்பர்களுக்கும் சொல்லலாம் என்று எண்ணுகிறேன்.

எங்களுடையது பழைய அம்பாசடர் டீசல். 2014ஆம் ஆண்டோடு அம்பாசடர் உற்பத்தியே நின்றுவிட்டது. எங்கள் வண்டியோ அதற்கு வெகுகாலம் முந்தியது. 1,489 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள அதன் எஞ்சின் தருவது ஏறத்தாழ 37 குதிரைத்திறன். இதைக் கொண்டுதான் ஒரு டன்னுக்கு மேற்பட்ட வண்டி, ஐந்து பேரையும் அவர்தம் மூட்டைகளையும் சுமந்துகொண்டு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏறவேண்டும். அறப்பளீசுவரர் கோயிலுக்குப் போகிறவர்களை ஏற்றிச் செல்வதுதான் என் தந்தையாரின் தொழில். என் கல்லூரிப் படிப்புக்கும் அதுவே ஆதாரம்.

வண்டியை முன்பு வைத்திருந்தவர் அதில் தனியாகக் குளிர்சாதனம் பொருத்தியிருந்தார். அதன் கம்ப்ரஸர் ஒருநாள் இறுகி நின்றுவிட்டது. புதிது போட ஆகும் செலவைக் கேட்ட தந்தையார் ஒன்றும் பேசவில்லை. ஸ்டாண்டில் இருந்தவர்களோ ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். “எல்லாத்தையும் கழட்டிப் போடுங்க, லிட்டருக்கு மூணு கிலோமீட்டர் கூடும்” என்றார் ஒருவர். இந்தக் கூற்றைத்தான் முதலில் ஆராய வேண்டும்.

திரவம் ஆவியாகும்போது சுற்றுப்புறத்திலிருந்து உள்ளுறை வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது என்று வகுப்பில் படித்திருக்கிறோம். குளிர்சாதனம் முழுவதும் இந்த ஒரு வரியின் விரிவே. உள்ளே டேஷ்போர்டின் கீழுள்ள கூலிங் காயிலில் திரவம் ஆவியாகி, காருக்குள் இருக்கும் காற்றின் வெப்பத்தை உறிஞ்சுகிறது. அந்த ஆவியைக் கம்ப்ரஸர் இழுத்து அழுத்துகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சரில் அது வெப்பத்தை வெளியே விட்டு மீண்டும் திரவமாகிறது. இந்தச் சுழற்சிக்கு வேண்டிய ஆற்றலை, பெல்ட் வழியாக எஞ்சின்தான் கொடுக்கிறது. கம்ப்ரஸர் ஓடும்போது மூன்று முதல் ஐந்து குதிரைத்திறன் வரை அதற்குப் போகும். பெரிய கார்களுக்கு இது ஒரு பொருட்டன்று. 37இல் நான்கு போனால் பத்தில் ஒரு பங்கு போயிற்று என்று பொருள். மலை ஏறுகிறவருக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கம்ப்ரஸரின் முகப்பில் ஒரு காந்தக் கிளட்ச் உண்டு. சுவிட்சை அணைத்தவுடன் அது விட்டுவிடும். பிறகு பெல்ட் சுற்றினாலும் வெளிப்புறச் சக்கரம் மட்டுமே சும்மா சுழலும். ஆகவே எஞ்சின் இழந்த ஆற்றலைத் திரும்பப் பெற ஸ்பானரே தேவையில்லை, சுவிட்ச் போதும். அதற்கு மேலும் ஐயமிருந்தால் கம்ப்ரஸருக்கென்று உள்ள பெல்ட்டைக் கழற்றிவிடலாம். நாங்கள் முதலில் செய்தது அதுதான். கம்ப்ரஸர் பேரிங்கின் இரைச்சல் அன்றே நின்றது. மைலேஜில் சொல்லத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. பிற்பாடு எல்லாவற்றையும் நீக்கிய பின்னும் இல்லை. மூன்று கிலோமீட்டர் கூடும் என்றவர் இப்போது அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

எல்லாக் கார்களிலும் பெல்ட்டை இப்படிக் கழற்றிவிட முடியாது. சிலவற்றில் ஒரே பெல்ட் தண்ணீர்ப் பம்பையும் ஆல்டர்னேட்டரையும் சேர்த்துச் சுற்றும். டீசல் எஞ்சினில் பிரேக்குக்கு வேண்டிய வெற்றிடம் தானாக உண்டாவதில்லை. அதற்குத் தனிப் பம்பு வைத்திருப்பார்கள். பல வண்டிகளில் அந்தப் பம்பு ஆல்டர்னேட்டரின் பின்புறத்திலேயே இருக்கும். எந்தப் பெல்ட் எதைச் சுற்றுகிறது என்று பாராமல் கைவைத்தால் பிரேக்குக்கே வினை வந்துசேரும்.

அப்படியானால் முழுவதையும் ஏன் நீக்க வேண்டும் என்று கேட்கலாம். எங்களைப் பொறுத்தவரை காரணம் கண்டென்சர். அது வேலை செய்யாமல் நின்றாலும் ரேடியேட்டருக்கு வரும் காற்றை மறித்துக்கொண்டுதான் நிற்கும். பல ஆண்டுத் தூசியும் பூச்சிகளும் அதன் தகடுகளில் அப்பிக் கிடந்தன. தண்ணீர் அடித்துக் கழுவியும் முழுதாகப் போகவில்லை. பெல்ட் இல்லாமல் ஓட்டிய இரண்டு மாதத்திலும், நாற்பதாவது வளைவை நெருங்கும்போது வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டை எட்டிப் பார்த்தது. வளைவுகளில் முதல் கியரில் ஊர்ந்து ஏறும் வண்டிக்கு எதிர்காற்று கிடையாது. கிடைக்கும் சிறிது காற்றையும் உதவாத ஒரு தகட்டுக்குக் கொடுப்பது நியாயமில்லை.

இனி வாயுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான். கம்ப்ரஸர் நின்றுவிட்டதால் உள்ளே ஒன்றுமில்லை என்று எண்ணிவிடக் கூடாது. மெக்கானிக் மீட்டரை மாட்டியபோது சதுர அங்குலத்துக்கு 90 பவுண்டு அழுத்தம் காட்டியது. இது கார் டயரில் இருப்பதைப்போல் மூன்று மடங்கு. “அண்ணே, பைப்பைக் கொஞ்சம் லூஸ் பண்ணினா புஸ்ஸுன்னு போயிரும், ரெண்டு நிமிஷ வேலை” என்றார் அவர். திறமைசாலிதான், ஆனாலும் அந்த இரண்டு நிமிட வேலையை நான் தடுத்தேன்.

உள்ளே இருந்தது ஆர்-12 என்னும் பழைய வாயு. சாதாரண அழுத்தத்தில் அது கொதிப்பது பூச்சியத்துக்குக் கீழே 30 டிகிரியில். பீறிட்டுக் கையில் பட்டால் தோல் உறைந்துபோகும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அருகில் வெல்டிங் நெருப்பு இருந்தால் சிதைந்து நச்சு வாயுக்களாக மாறும். இவை கழற்றுகிறவருக்கு வரும் கேடுகள். மற்றொன்று எல்லோருக்கும் வருவது. இத்தகைய வாயுக்கள் மேலே சென்று ஓசோன் படலத்தை அழிக்கும் என்று மொலினாவும் ரோலண்டும் 1974இல் எடுத்துக்காட்டினார்கள். 1987இல் மான்ட்ரியால் உடன்படிக்கை உருவாயிற்று. 1995இல் அவ்விருவரும் குருட்ஸனும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். நம் நாட்டைப் போன்ற வளரும் நாடுகளுக்கு இவ்வாயுக்களைக் கைவிட விதித்த கெடு 2010. பழைய கார்களின் வயிற்றில் எஞ்சியிருப்பது மட்டும் இன்னும் இருக்கிறது.

ஒரு சிறு கணக்கு. புவியைச் சூடாக்குவதில் ஒரு கிலோ ஆர்-12, நூறாண்டு அளவில், ஏறத்தாழ 10,000 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். எங்கள் வண்டியில் இருந்தது சுமார் அரைக் கிலோ. அதாவது 5 டன். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.7 கிலோ அளவுக்குக் கரியமில வாயு வரும். லிட்டருக்கு 13 கிலோமீட்டர் ஓடும் எங்கள் கார் அந்த 5 டன்னை வெளியிட 24,000 கிலோமீட்டர் ஓடவேண்டும். “புஸ்” என்ற ஓசைக்கு இவ்வளவு தூரம்! இதைத் தாளில் போட்டுத் தந்தையாரிடம் காட்டினேன். அவர் கணக்கைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். “சரி கண்ணு, சேலத்துக்கே கொண்டு போவோம்” என்றார். அங்கே ஒரு ஏ.சி. கடையில் வாயுவை உறிஞ்சிச் சிலிண்டரில் அடைக்கும் இயந்திரம் இருந்தது. அரைநாள் வாடகை போயிற்று, கூலி தனி.

வாயு வெளியேறிய பின் மற்றவை எளியவை. பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டுத் தொடங்கவேண்டும். கம்ப்ரஸரைத் தாங்கும் இரும்புப் பிடி எங்கள் காரில் நான்கு போல்ட்டுகளில் நின்றது. அவற்றுள் இரண்டு, எஞ்சினின் முன்புறத்தில் முன்பே இருந்த போல்ட்டுகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டவை. பிடியின் கனத்துக்கேற்ப அவை நீளமாக இருந்தன. பிடியை எடுத்துவிட்டு அதே போல்ட்டைத் திரும்ப முடுக்கினால், அது அடியில் முட்டி இறுகியதுபோல் ஏமாற்றும். அல்லது உள்ளே எதையாவது துளைக்கும். சரியான நீளத்தில் வேறு போல்ட் போடவேண்டும். போல்ட் துளை எஞ்சினின் நீர்ப்பாதையைத் தொடுவதாக இருந்தால் மரையில் சீலரும் தடவவேண்டும்.

குளிர்சாதனம் ஓடும்போது எஞ்சின் அணைந்துவிடாதிருக்க ஐட்லிங்கை உயர்த்தி வைத்திருப்பார்கள். அதைத் திரும்பக் குறைக்காவிட்டால் எஞ்சின் சிக்னலில் நிற்கும்போதுகூட வீணாக உறுமிக்கொண்டிருக்கும். கண்டென்சருக்கு முன்னே இருந்த மின்விசிறியை நாங்கள் எறியவில்லை. ரேடியேட்டருக்கு நெருக்கமாக நகர்த்தி, தனிச் சுவிட்ச் வைத்தோம். மலையேற்றத்துக்கு அது நல்ல துணை. ஒயர்களை வெட்டி விடாமல் ஃபியூஸிலிருந்தே எடுத்துவிடுவது நல்லது. டீசல் எஞ்சினின் அதிர்வில் தொங்கும் ஒயர் எதன்மேலாவது உரசி, ஒருநாள் புகையும். பைப் போன துளைகளை ரப்பர் அடைப்பான் கொண்டு மூடவேண்டும். இல்லையேல் எஞ்சினின் சூடும் புகை நெடியும் காருக்குள் வரும்.

கழற்றியவற்றைப் பழைய இரும்புக் கடைத் தராசில் வைத்தோம். 30 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இப்போது நாற்பதாவது வளைவில் முள் நடுவிலேயே நிற்கிறது. ஆனால் சித்திரை, வைகாசியில் முகூர்த்த வாடகைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது “ஏ.சி. உண்டா?” என்பதுதான். இல்லை என்றதும் சிலர் அடுத்த வண்டிக்குப் போய்விடுகிறார்கள். இந்த வருமான இழப்பையும் கணக்கில் வைத்தே இவ்வேலையில் இறங்கவேண்டும். மலைக்கு மட்டும் ஓடும் வண்டிக்கு இது கட்டும். ஊருக்குள் திருமண வாடகையை நம்பியிருப்பவருக்குக் கட்டாது. கூலிங் காயில் இருந்த இடத்தில் தந்தையார் ஒரு பலகை அடித்து, சுங்கச்சாவடி ரசீதும் திருநீற்றுப் பையும் வைத்திருக்கிறார்.