பால் பாக்கெட்டில் மை ஒட்டுவது எப்படி?

எங்கள் கற்போர் மையத்துக்கு ஓர் அம்மா காலிப் பால் பாக்கெட் ஒன்றைக் கொண்டு வந்தார். "தேதி பார்த்து வாங்கச் சொன்னீங்களே, டீச்சர்! இதுல தேதியே சரியாத் தெரியலையே?" என்று கேட்டார். பார்த்தோம். பாதி எண்கள் அழிந்திருந்தன.

மை ஏன் அழிகிறது?

பால் பாக்கெட் பாலித்தீன் தாளால் ஆனது. சாதாரணப் பாலித்தீன் தாளில் தண்ணீர் தெளித்தால் பரவாது. தாமரை இலையில் நிற்பது போல முத்து முத்தாக நிற்கும். மையும் அதில் சரியாகப் பரவாது. காய்ந்தாலும், உரசினால் உதிர்ந்துவிடும்.

சுவருக்குப் பெயின்ட் அடிக்கும் முன் உப்புத்தாளால் தேய்க்கிறோம். பிடிப்புக்காகத்தான். மெல்லிய பாலித்தீனை அப்படித் தேய்க்க முடியுமா? கிழிந்துவிடும். அதனால் தொழிற்சாலையில் மின்சாரத்தைப் பயன்படுத்துகிறார்கள்.

தாள் ஓர் உருளையின் மேல் ஓடும். சிறிது இடைவெளி விட்டு ஓர் உலோகப் பட்டை இருக்கும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அந்தப் பட்டையிலோ பல ஆயிரம் வோல்ட்! இடைவெளியில் உள்ள காற்றில் ஊதா ஒளி தோன்றும். காற்றில் உள்ள ஆக்சிஜன் உடைந்து, தாளின் மேற்பரப்பில் சேர்ந்துகொள்ளும். பிறகு அந்தப் பரப்பு மையை நன்றாகப் பிடிக்கும்.

இதற்குக் 'கொரோனா முறை' என்று பெயர். கொரோனா நோய்க்கும் இதற்கும் தொடர்பு இல்லை. கொரோனா என்றால் கிரீடம் என்று பொருள்.

இந்த வேலையின்போது ஓசோன் என்ற வாயு உண்டாகும். அதைச் சுவாசிப்பது கெடுதல். எனவே குழாய் வைத்து அதை வெளியேற்ற வேண்டும். தொழிலாளர்கள் இதைக் கேட்டுப் பெற வேண்டும்.

பாக்கெட்டின் வெளிப்பக்கத்துக்கு மட்டும் இதைச் செய்தால் போதும். உட்பக்கங்கள் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்ட வேண்டும். அங்கேயும் மின்சாரம் பட்டால் ஒட்டு பலமாக இருக்காது. பால் ஒழுகும்.

இந்தப் பிடிப்பு நிரந்தரம் அல்ல. தாள் பல மாதம் கிடந்தால் பிடிப்பு குறையும். அப்போது அச்சிட்டால் மை நிற்காது. அதனால் அச்சிட்ட தாளில் ஒட்டும் டேப்பை ஒட்டி, இழுத்துப் பார்ப்பார்கள். டேப்போடு மை வந்தால் தாள் சரியில்லை.

நண்பர்களே! தேதி தெரியாத பாக்கெட்டை வாங்காதீர்கள். வேறு பாக்கெட் கேளுங்கள். தேதி தெளிவாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அதைப் படித்துப் பார்ப்பது நம் உரிமை.