குற்றாலத்துக் கூட்டம் ஓட்டாகுமா? நட்சத்திரத் தலைவருக்கு எந்த ஊரில் ஆதரவு அதிகம் என்று கணிப்பது எப்படி?

ஜூன் மாசம் சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலத்தில் கால் வைக்க இடம் இருக்காது. மெயின் அருவியில் வரிசை, ஐந்தருவிக்குப் போற ரோட்டில் டிராஃபிக், பார்க்கிங்கில் பாதி வண்டி கேரளா பதிவு. அந்த நேரத்தில் ஒரு பெரிய சினிமா நட்சத்திரம் அரசியல் தலைவராக அங்கே வந்து வேனில் நின்று கை அசைத்தால்? ட்ரோன் ஷாட் அள்ளும். ரீல்ஸ் பறக்கும். ‘தென்காசி எங்க கோட்டை’ என்று அன்னிக்கு ராத்திரியே கேப்ஷன் வந்துவிடும்.

ஆனா அந்தக் கூட்டத்தில் தென்காசி தொகுதியில் ஓட்டு இருக்கிறவங்க எத்தனை பேர்? பக்கத்து மாவட்டத்துக்காரங்க, கொல்லத்திலிருந்து குளிக்க வந்தவங்க, 18 வயசு ஆகாத பசங்க எல்லாரையும் கழித்துப் பார்த்தால் மிச்சம் எவ்வளவு? ட்ரோன் அதைச் சொல்லாது.

2026 சட்டமன்றத் தேர்தல் நெருங்கும் நேரத்தில் டீக்கடையிலும் வாட்ஸ்அப் குரூப்பிலும் ஓடுகிற கேள்வி இதுதான். நடிகர் விஜய்யின் தமிழக வெற்றிக் கழகம் மாதிரி ஒரு புதுக் கட்சிக்கு எந்தப் பகுதியில் ஆதரவு அதிகமா இருக்கும்? இதைக் கணிக்க முடியுமா? தென்காசியை வைத்தே பார்க்கலாம்.

முதலில், ‘பாப்புலிசம்’ என்றால் என்ன?

‘சாதாரண மக்கள் ஒரு பக்கம், அவங்களை ஏமாற்றும் மேல்தட்டு இன்னொரு பக்கம், மக்களோட நேரடிக் குரல் நான்தான்’ என்று கோடு போட்டுப் பேசும் அரசியலை ஆய்வாளர்கள் பாப்புலிசம் என்கிறார்கள். இடதுசாரியிலும் இது உண்டு, வலதுசாரியிலும் உண்டு. கட்சி அமைப்பைவிடத் தலைவரின் முகம் பெருசா இருக்கும். எம்.ஜி.ஆர் காலத்திலிருந்தே தமிழ்நாட்டுக்கு இது பழகிய விஷயம்.

இங்கே ஒரு குழப்பம் வரும். ‘ஆதரவு எங்கே அதிகம்?’ என்பதும் ‘எங்கே ஜெயிப்பாங்க?’ என்பதும் ஒரே கேள்வி கிடையாது.

2006-ல் விஜயகாந்தின் தேமுதிக முதல்முறையாகச் சட்டமன்றத் தேர்தலில் தனியாக நின்றது. மாநிலம் முழுக்கச் சுமார் 8.4 சதவீத ஓட்டு. ஜெயித்தது ஒரே ஒரு தொகுதி, அதுவும் விருத்தாசலம். அவர் பிறந்து வளர்ந்தது மதுரைப் பக்கம். சொந்த மண்ணில்தான் முதல் வெற்றி வரும் என்று கணக்குப் போட்டிருந்தால் தப்பாகியிருக்கும். பாமக பலமாக இருந்த வட மாவட்டத்தில் அவர் ஜெயித்தார்.

நாம் தமிழர் கட்சி 2024 மக்களவைத் தேர்தலில் சுமார் 8.2 சதவீதம் வாங்கியது. ஒரு தொகுதிகூடக் கிடைக்கவில்லை. ஓட்டு எல்லா ஊரிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவிக் கிடந்தால் இதுதான் நடக்கும்.

நேர் எதிர் உதாரணம் அமெரிக்கா. 2016 அதிபர் தேர்தலில் டொனால்ட் டிரம்ப் நாடு முழுக்க ஹிலாரி கிளின்டனைவிட 28 லட்சத்துக்கும் அதிகமான ஓட்டு குறைவாக வாங்கினார். ஆனாலும் ஜெயித்தார். விஸ்கான்சின், மிச்சிகன், பென்சில்வேனியா ஆகிய 3 மாநிலங்களிலும் சேர்த்து சுமார் 78 ஆயிரம் ஓட்டு வித்தியாசம்தான் முடிவை மாற்றியது. எத்தனை ஓட்டு என்பதோடு, அது எந்த இடத்தில் விழுகிறது என்பதும் முக்கியம்.

462, 370: தென்காசி சொல்லும் கணக்கு

குற்றாலமும் சேர்ந்ததுதான் தென்காசி சட்டமன்றத் தொகுதி. 2016-ல் இங்கே அதிமுகவின் செல்வமோகன்தாஸ் பாண்டியன் காங்கிரஸின் பழனி நாடாரைத் தோற்கடித்தது 462 ஓட்டில். 2021-ல் அதே இருவர், முடிவு தலைகீழ். பழனி நாடார் 370 ஓட்டில் ஜெயித்தார். வழக்கு நீதிமன்றம் வரை போய், 2023-ல் தபால் ஓட்டுகளை மறுபடி எண்ணியும் அவர் வெற்றி மாறவில்லை.

பதிவான 2 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டில் 370 என்பது 0.2 சதவீதத்தைவிடக் குறைவு. இந்த மாதிரித் தொகுதியில் ஒரு புதுக் கட்சி ஜெயிக்கவே வேண்டாம். அது யாரிடமிருந்து ஓட்டைப் பிரிக்கிறது என்பதே முடிவை மாற்றிவிடும்.

இதே தொகுதியில் 2011-ல் ஒரு நடிகர் ஜெயித்திருக்கிறார். சமத்துவ மக்கள் கட்சித் தலைவர் சரத்குமார், அதிமுக கூட்டணியில் நின்று எம்.எல்.ஏ ஆனார். அப்போ தென்காசி நட்சத்திரங்களுக்கு ஓட்டுப் போடும் ஊரா? அவசரப்பட வேண்டாம். அந்த ஆண்டு அதிமுக கூட்டணி 234-ல் 203 இடங்களை வென்றது. அவ்வளவு பெரிய அலையில் நட்சத்திரத்தின் பங்கு எவ்வளவு, இரட்டை இலையின் பங்கு எவ்வளவு என்று பிரிக்கவே முடியாது. 2016-ல் திருச்செந்தூரில் நின்ற சரத்குமார் தோற்றார்.

சரி, கணிப்பவர்கள் எதைப் பார்க்கிறார்கள்?

1. ‘இரண்டு பேருமே வேண்டாம்’ ஓட்டு

புதுக் கட்சிக்குப் பழைய ரிசல்ட் இருக்காது. அதனால் முந்தைய தேர்தல்களில் பெரிய கட்சிகளுக்கு வெளியே போன ஓட்டை முதலில் பார்ப்பார்கள். 2019 மக்களவைத் தேர்தலில் தென்காசித் தொகுதியில் நாம் தமிழர் வாங்கியது சுமார் 59 ஆயிரம். 2024-ல் அது சுமார் 1.30 லட்சம், அதாவது 12 சதவீதத்துக்கும் மேல். மாநில சராசரியைவிட நல்ல வித்தியாசம். பழைய கட்சிகளோடு ஒட்டாத ஓட்டு இங்கே கூடிக்கொண்டே போகிறது என்பதற்கு இது ஒரு தடயம்.

ஆனா அந்த ஓட்டு எந்தப் புதுமுகத்துக்கும் தானாக மாறிவிடாது. 2019-ல் கமல்ஹாசனின் மக்கள் நீதி மய்யத்துக்கு கோவையில் சுமார் 1.45 லட்சம் ஓட்டு. தென்காசியில் சுமார் 24 ஆயிரம்தான். அதே தேர்தலில், அதே தென்காசியில், டி.டி.வி.தினகரனின் அமமுக சுமார் 92 ஆயிரம் வாங்கியது. பெருநகரத்தில் எடுபட்ட நட்சத்திரம் இங்கே எடுபடவில்லை. அதிமுகவிலிருந்து பிரிந்து வந்தவர்களுக்கு ஏற்கெனவே ஊர் ஊராக ஆள் இருந்தது.

2. உள்ளூர் அடையாளம்

தென்காசி மாவட்டத்தின் 5 தொகுதிகளும் ஒரே மாதிரி கிடையாது. சங்கரன்கோவிலில் விசைத்தறி. வாசுதேவநல்லூர் பக்கம் விவசாயமும் புளியங்குடி எலுமிச்சையும். இவை இரண்டும் தனித் தொகுதிகள். கடையநல்லூரில் இஸ்லாமியர் கணிசம், வளைகுடாவில் வேலை பார்க்கும் குடும்பங்கள் நிறைய. ஆலங்குளத்தில் பீடி சுற்றும் பெண்கள் அதிகம்.

2021-ல் ஆலங்குளத்தில் நடந்ததைப் பாருங்கள். உடம்பு நிறைய தங்க நகையோடு பிரச்சாரம் செய்த பனங்காட்டுப் படை கட்சியின் ஹரி நாடார் 37 ஆயிரத்துக்கும் மேல் ஓட்டு வாங்கி மூன்றாம் இடம் பிடித்தார். முதல் இரண்டு இடங்களுக்கு இடையே இருந்த வித்தியாசமோ 4 ஆயிரத்துக்கும் குறைவு. சமூக அடையாளம், தனிமனிதக் கவர்ச்சி, உள்ளூர் வேலை மூன்றும் ஒரே இடத்தில் குவிந்தால் ஒரு தொகுதிக் கணக்கே கலங்கிவிடும். ஆனா ஆலங்குளத்தில் நடந்ததை வைத்துப் பக்கத்துத் தொகுதியைக் கணிக்க முடியாது.

3. வயசு, படிப்பு, வேலை

உலகம் முழுக்கக் கணிப்பாளர்கள் நம்பும் கருவி இது. ஒரு பகுதியில் இளைஞர்கள் எத்தனை பேர், பட்டதாரிகள் எத்தனை பேர், என்ன வேலை என்று எடுத்து, சர்வேயில் அந்தந்தப் பிரிவினர் சொன்னதோடு பொருத்திப் பார்ப்பார்கள். 2017 பிரிட்டன் தேர்தலில் யூகவ் நிறுவனம் இந்த முறையில்தான் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்காது என்று முன்கூட்டியே சொன்னது.

தென்காசியில் இதைச் செய்ய ஒரு பெரிய தடை இருக்கிறது. கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011-ல் நடந்தது. தென்காசி மாவட்டம் பிறந்ததோ 2019 நவம்பரில். பழைய திருநெல்வேலி மாவட்டத் தாலுகாக்களைப் பொறுக்கிச் சேர்த்தால்தான் ஒரு படம் கிடைக்கும். அந்தப் படமும் பழசு. அன்னிக்கு 3 வயசுக் குழந்தைக்கு இன்னிக்கு ஓட்டு இருக்கிறது.

4. எந்தத் தேர்தல்?

1980 ஜனவரி மக்களவைத் தேர்தலில் எம்.ஜி.ஆரின் அதிமுக 39-ல் 2 இடம்தான் ஜெயித்தது. நான்கே மாதத்தில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் அதே எம்.ஜி.ஆர் மறுபடி முதல்வர். டெல்லிக்கு ஒரு மாதிரி, கோட்டைக்கு வேற மாதிரி ஓட்டு. 2024 மக்களவைக் கணக்கை அப்படியே 2026-க்கு ஒட்டக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

கடல் தாண்டி இலங்கையிலும் இதே கதைதான். அனுர குமார திசாநாயக்க 2019 அதிபர் தேர்தலில் வாங்கியது சுமார் 3 சதவீதம். 2024 செப்டம்பரில் 42 சதவீதத்துக்கும் மேல் வாங்கி அதிபரானார். அப்போதும் தமிழர்கள் வாழும் யாழ்ப்பாண மாவட்டத்தில் அவருக்குச் சுமார் 7 சதவீதம்தான். ‘வடக்கில் இவருக்கு இடமில்லை’ என்று எழுதினார்கள். இரண்டே மாதத்தில் நாடாளுமன்றத் தேர்தல். யாழ்ப்பாணத்தில் அவருடைய தேசிய மக்கள் சக்தி சுமார் 25 சதவீதம் வாங்கி, 6-ல் 3 இடத்தைப் பிடித்தது. ‘பலவீனமான பகுதி’ என்ற முத்திரை இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை.

சர்வே எங்கே தடுமாறும்?

ஆயிரம் பேரைச் சரியாகத் தேர்ந்தெடுத்துக் கேட்டாலும் முடிவு சுமார் 3 சதவீதம் மேலே கீழே போகலாம். மாநில அளவில் அது பரவாயில்லை. 0.2 சதவீதத்தில் முடிவாகும் தென்காசியில் அந்த சர்வே யார் ஜெயிப்பார் என்று சொன்னால், அது பூவா தலையா போட்டதுக்குச் சமம்.

யாரைக் கேட்கிறோம் என்பதிலும் சிக்கல். 2016 அமெரிக்காவில் பல மாநில சர்வேக்களில் கல்லூரி படித்தவர்கள் விகிதத்துக்கு மேல் இருந்தார்கள், அதைச் சரிக்கட்டவில்லை. டிரம்புக்குப் பலமே கல்லூரி போகாத வெள்ளையர்களிடம் இருந்தது. அவர்கள்தான் கணக்கில் குறைந்தார்கள். இங்கே ஆன்லைன் போல் நடத்தினால் பதில் சொல்வது மொபைலும் கையுமாக இருப்பவர்கள். பீடி சுற்றுகிற அக்காவும் வயலுக்குப் போன அண்ணாச்சியும் அதில் வர மாட்டார்கள்.

அப்போ தென்காசியில் விஜய்க்கு?

2024 பிப்ரவரியில் தொடங்கிய தவெக, அந்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் நிற்கவில்லை. ஒப்பிட நேரடி ரிசல்ட் இல்லை. ஒரே ஒரு சின்னத் தடயம் உண்டு. 2021 அக்டோபரில் 9 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது, அதில் தென்காசியும் ஒன்று. சுயேச்சையாக நின்ற விஜய் மக்கள் இயக்கத்தினரில் 9 மாவட்டங்களிலும் சேர்த்து 100-க்கும் மேற்பட்டோர் ஜெயித்ததாக அந்த இயக்கம் அறிவித்தது. ஆனா கிராம வார்டு என்பது சில நூறு ஓட்டு. அங்கே நடிகர் முகத்தைவிட, தண்ணி வரலைன்னா ஓடி வர்ற பக்கத்து வீட்டுத் தம்பியோட முகம்தான் பேசும்.

ஆக, ‘தென்காசி எங்க கோட்டை’ என்று யார் சொன்னாலும் இப்போதைக்கு அதற்கு ஆதாரம் கிடையாது. ‘இங்கே ஒண்ணுமே இல்லை’ என்று சொல்வதற்கும் கிடையாது. பிடிபடாத ஓட்டு இங்கே சராசரியைவிட அதிகம், பிரதானப் போட்டி மயிரிழையில் இருக்கிறது. இந்த இரண்டும்தான் உறுதியாகச் சொல்லக்கூடியவை.

நீங்களே பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு பூத்திலும் யாருக்கு எத்தனை ஓட்டு என்பது ‘படிவம் 20’ என்ற ஆவணத்தில் இருக்கும். தமிழகத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் டவுன்லோடு செய்யலாம். உங்க தெரு பூத்தில் 2021-லும் 2024-லும் மூன்றாவது, நான்காவது இடத்துக்கு எவ்வளவு போயிருக்கிறது என்று பாருங்கள். ட்ரோன் ஷாட்டைவிட அது அதிகம் சொல்லும்.

இன்னொன்று. பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறி சென்னைக்கு வந்து வேலை பார்க்கும் தென்காசிப் பிள்ளைகள் நிறைய பேர். 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்பு தீவிரத் திருத்தத்தில், டிசம்பரில் வந்த வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுக்க 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் நீக்கப்பட்டன. ஊர் மாறிப் போனவர்களும் அதில் உண்டு. உங்க பெயர் ஊரில் இருக்கிறதா, இப்போ குடியிருக்கும் இடத்தில் இருக்கிறதா, இரண்டிலும் இல்லையா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் படிவம் 6 கொடுக்கலாம். 370 ஓட்டில் எம்.எல்.ஏ மாறிய ஊர் இது. ஒரு தெருவே வெளியூரில் இருந்துவிட்டால், எந்தக் கணிப்பும் பலிக்காது.